வண்டி போகும்

ஜனவரி 8, வியாழன்

பனி. ஆபீஸ் போய்ச் சேரும் வரை மலைக்கோட்டை தெரியவில்லை. தோட்டத்தில் மல்லிகை ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை என்று அப்பாவுக்கு வருத்தம்.

ஞாயிறு முடிவு தெரியும். ஊர் பார்க்க வருகிறவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல், வழி அட்டையைப் பார்த்துத் தாங்களே நடந்தோ சைக்கிளிலோ போய் வர எங்கள் ஆபீஸ் வகுத்த இரண்டு வழிகள். ஒன்று என்னுடையது, எங்கள் ஊர்க் குளக்கரை. அடுத்த ஊர் தாடிக்கொம்பு. அங்கே கோயிலில் தொடங்கி ஆற்றோரப் பூந்தோட்டங்கள் வழியே போவது கூட வேலை பார்க்கும் ரெஜினாவுடையது. இரண்டுக்கும் பச்சைக் குறி. பச்சை என்றால் யாரும் போகலாம். வயதானவர்கள், பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள், கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள்காரர்கள். ஒரு வழிக்கு மட்டும் இப்போது பலகை நடுவாராம் சார்.

அப்பா அதற்குள் டீக்கடையில் சொல்லிவிட்டார், தன் மகள் போட்ட ரோட்டுக்குப் போர்டு வருகிறது என்று. ரோடு நான் போடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

ரெ. இன்று கடுகு நிறக் குர்தா. சாரிடம் உட்கார்ந்தபடியே பேசுகிறாள். எனக்கு எழுந்து நின்றால்தான் வார்த்தை வருகிறது, அதுவும் பாதி. சேர்ந்து கொஞ்ச நாள்தான், ஆபீஸுக்குக் கீழே இருக்கும் சைக்கிள் கடைக்காரர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் அவருக்கு இன்னமும் 'மாடி ஆபீஸ் பாப்பா'.

திரும்பும்போது பஸ்ஸில், அய்யலூர் சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தார் ஒருவர். என் துப்பட்டா நுனியைத் தின்றுவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

ரெ. அட்டை என்னிடம் வந்தது, பிழை பார்க்க. நன்றாக எழுதியிருக்கிறாள். அதுதான் எரிகிறது. எந்தக் கிணற்றடியில் தண்ணீர் கேட்கலாம், எந்த நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது, எல்லாம் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கியது. என் அட்டையில் கரை, மடை, பனை, திருப்பம். யாரும் இல்லாத மதியமாகப் பார்த்துப் போய் நான் அளந்தவை.

அவள் அட்டையில் ஒரு வரி: 'ஓடையைக் கடக்கும் இடம். வண்டி போகும். பச்சை.'

யார் சொன்னது என்றேன். தோட்டக்காரரிடம், "அண்ணே, இதுல வண்டி போகுமா?" என்று கேட்டாளாம். "ஜம்முனு போகும் தாயி" என்றாராம் அவர். அவள் நினைத்தது மூன்று சக்கர சைக்கிளை. அவர் சொன்னது மொபெட்டை. எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் வண்டி என்றால் அதுதான். ஓடையில் முழுக்க மணல். ரெ. டவுனிலேயே வளர்ந்தவள்.

வாய் வரைக்கும் வந்தது. ரெண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

"நீ பாத்துட்டேன்னா எனக்கு நிம்மதி, செல்வி" என்றாள்.

கூச்சத்தால் சொல்லவில்லை என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். கூச்சம் இல்லை.

ஜனவரி 10, சனி

வாங்க: சோப்பு, ஹேர்பின், அம்மாவுக்கு முட்டிவலித் தைலம். பின் டயருக்குக் காற்று.

நாளை சோதனைக்கு வருவது மகேஸ்வரி அக்கா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை. சின்ன வயதிலேயே கால்கள் போய்விட்டன; கை சைக்கிளில் டவுன் முழுக்கச் சுற்றுகிறவர். ரெ.க்கு ஜாக்கெட் தைப்பதால் 'நம்ம மகேஸ் அக்கா'. மணலில் மாட்டப்போவது அவர்தான் என்பது மத்தியானம்தான் உறைத்தது. ரெ.க்கு போன் போட்டேன். பிஸி. சாரிடம்தான் பேசிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. மறுபடி போடவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பனி சீக்கிரம் விலகிவிட்டது. முதலில் என் வழி. அட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, சார், ரெ., நான், மூவரும் தள்ளிப் பின்னால். அக்கா எங்கும் தடுமாறவில்லை, நிற்கவும் இல்லை. மடைப் பக்கம் அப்பா, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நின்றிருந்தார். எப்படி இருந்தது என்று சார் கேட்டார்.

"சுத்தமா இருக்கு சார். ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி."

சார் சிரித்தார். ரெ. சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவள் வழி. பூப்பறிக்கும் பெண்கள் அக்காவை நிறுத்தி, சேலை எந்தக் கடை, பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் விசாரித்து, மடியில் செவ்வந்தியைக் கொட்டினார்கள். அடுத்து ஓடை. முன் சக்கரம் இறங்கியது. பின்னால் இரண்டும் அச்சு வரை மணலுக்குள்.

எனக்கு ஒரு நொடி உள்ளே குளிர்ந்தது. அப்புறம் சைக்கிள் சாய்ந்தது. அக்கா ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அப்போதுதான் ஓடினேன்.

போகும் என்றுதானே சொன்னேன், தினமும் போகிறதே என்று தோட்டக்காரர் தன் மொபெட்டைக் காட்டினார். ரெ. முகம் செத்துவிட்டது. சார் அட்டையை வாங்கிப் பச்சைக் குறியை அடித்துவிட்டார். பூப்பறித்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளோடு அக்காவைத் தூக்கினார்கள். "தாடிக்கொம்புப் பெருமாளத்தான் இப்படித் தூக்குவாக. இன்னைக்கு எனக்குப் புறப்பாடு" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், ரெ. உட்பட.

நான் மணலைத் தட்டிவிட்டேன். அக்கா குரலை இறக்கினார்.

"நீ இந்தப் பக்கத்துப் புள்ளதான? வண்டின்னா என்னன்னு ஒனக்குத் தெரியும்ல?"

தலையாட்டினேன். உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. இதை ரெ.யிடம் அவர் சொல்லவில்லை.

பலகை என் வழிக்கு. அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் டீ.

ஜனவரி 12, திங்கள்

மறுபடி பனி.

ரெ. லீவு போடுவாள் என்று நினைத்தேன். மசால்வடையோடு வந்தாள், என் பலகைக்காகவாம். மகேஸ்வரி அக்கா காலையில் அவளுக்கு போன் செய்தாராம். ஓடைக்கு வேறு வழி பார், பொங்கல் கழித்துப் பூந்தோட்டத்துக்கு மறுபடி போக வேண்டும் என்றாராம். குளக்கரைக்கு மறுபடி வருகிறேன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பலகை கிடைத்தும் வயிறு எரிகிறது.

"நாளைக்குச் சுத்து வழி பாக்கப் போறேன். நீயும் வாடி. நான் கேட்டா தப்பா வாங்கிட்டு வாரேன். நீ கேளு."

"நான் எங்க கேக்க."

"எந்த வண்டிண்ணே. அம்புட்டுத்தான்."

வடையைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நாளைக்கு எடுத்துப் போக: தண்ணீர், டேப், தொப்பி. போகும்போது தையல் கடையில் கொடுக்கக் களிம்பு.

கேட்க: எந்த வண்டி.

அதற்கு முன்னால், ஓடை வருவதற்குள், ரெ.யிடம் வெள்ளிக்கிழமை விஷயம்.