இரண்டு பிரேக்கும் வலது கையில்

என் அன்பு சேகர் அண்ணாவுக்கு,

ஏற்றத்தில் என்னை முந்திக்கொண்டு போய், இறக்கத்தில் எப்போதும் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவனே, எப்படி இருக்கிறாய்? நான் நன்றாக இருக்கிறேன். மறுபடியும் சைக்கிள் ஓட்டுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் உனக்கு மற்றதெல்லாம் காதில் விழும்.

ஆமாம், ரோட் பைக்தான். ஆமாம், வளைந்த ஹேண்டில்பார்தான். கோபித்துக்கொள்ளாமல் முழுசாகக் கேள்.

நான் விழுந்த அன்று என்னைத் தூக்கியது நீ. ஆனேக்கல் தாண்டி நாய் குறுக்கே ஓடியதும், என் இடது முழங்கை கல்லில் மோதியதும், நீ உன் சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்ததும் எனக்கு இன்னும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. இடது கையில் சிறுவிரலும் மோதிர விரலும் இன்றும் பாதி மரத்தேதான் இருக்கின்றன. அந்தக் கையால் டம்ளரைப் பிடிக்கலாம், வகுப்பில் சாக்பீஸ் பெட்டியைத் தூக்கலாம். பிரேக்கை அழுத்தி இழுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ தீர்ப்பு சொன்னாய். "போதும் ரேவதி. இனிமே ரோட் பைக் வேணாம். ஆசை விடலைன்னா நேரா இருக்கிற ஹேண்டில்பாரை மாட்டிக்கோ. நிமிர்ந்து உக்காந்து அபார்ட்மென்ட்டுக்குள்ள ரெண்டு ரவுண்டு போ."

கை சரியான பிறகு சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியைக் குடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். பாதியில் நின்றுபோன சண்டையில் ஜெயித்தது யார் என்று எப்படித் தீர்மானிப்பது?

உன் வருஷ திதி முடிந்த வாரம் அண்ணி என்னைக் கூப்பிட்டார். பரண் மேலிருந்து ஒரு நீளமான பொட்டலத்தை இறக்கி என் மடியில் வைத்தார். பிரித்தால், புத்தம் புதிய நேர் ஹேண்டில்பார்.

"உன் பொறந்த நாளுக்குக் குடுக்கணும்னு வாங்கி வச்சிருந்தார். நீ என்னிக்கு ஓட்டினாலும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டணும் ரேவதி. அவர் ஆசை அது."

நான் அழுதேன். அண்ணியும் அழுதார். அழுது முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மஞ்சுவின் கடைக்குப் போனேன்.

சந்தாபுராவில் நாம் வழக்கமாகச் சர்வீஸுக்கு விடுகிற அதே மெக்கானிக் மஞ்சுதான். உன் போட்டோவைப் பேப்பரில் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டு உன் காரியத்துக்கு வந்த மனுஷர். உன் ஹேண்டில்பாரை அன்றைக்கே மாட்டித் தந்தார். உனக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஓட்டிப் பார்த்தேன், அண்ணா. ஏரிக்கரைச் சாலையில் பாதி தூரம் போவதற்குள் இடது உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. பிறகு அந்த எரிச்சலும் தெரியவில்லை. விரல்கள் மொத்தமாக மரத்துவிட்டன. கை கம்பியின் மேல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

காரணம் எளிமையானது. நேர் ஹேண்டில்பாரில் உள்ளங்கை கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்திருக்கிறது. உடம்பின் பாரம் சிறுவிரல் பக்கத்து மேட்டில் இறங்குகிறது. எனக்கு அடிபட்ட நரம்பு போகிற வழி அதுதான். வளைந்த ஹேண்டில்பாரில் பிரேக் லீவரின் ரப்பர் தலையைப் பிடிக்கும்போது கை, யாருக்கோ கைகொடுக்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. பாரம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி முழுசாக இருக்கிறது.

நீ பார்த்தது என் பாதுகாப்பை. நியாயம்தான். என் கையை நீ பார்க்கவில்லை.

இதை அண்ணியிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அடுப்படியில் நின்று, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நரம்பு, உள்ளங்கை எல்லாம் சரி ரேவதி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கும் ஏதாவது ஆயிட்டா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

கத்தியை நான் எடுத்து மீதி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னேன்:

"அண்ணி, பயந்துகிட்டே ஓட்டினா நான் விழுவேன். பிரேக்கு கைக்கு வந்தா விழ மாட்டேன். நீங்க கடைக்கு வாங்க. நான் என்ன பண்றேன்னு கூட நின்னு பாருங்க. பார்த்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா விட்டுடறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் அண்ணி சரி என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். மஞ்சுவும் உன் கட்சிதான். கன்னடம் கலந்த தமிழில் தடுத்தார். "மேடம், பேஜார் ஆகாதீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. கை இப்பிடி இருக்கும்போது இந்த வளைஞ்ச டிராப் பாரு பேடா, வேணாம். உங்க அண்ணா சொன்னதே சரி."

"அண்ணன் சொன்னதைப் போட்டு ஓட்டிப் பார்த்துட்டேன் மஞ்சு. கை மரத்துப்போச்சு. இப்ப நான் சொல்றதைப் போடுங்க."

முதல் வேலையாக டேப்பை அண்ணி கையில் கொடுத்து என் தோளை அளக்கச் சொன்னேன். ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனைக்கு. பழைய ஹேண்டில்பார் அதைவிட நான்கு விரல் அகலம்! இத்தனை வருஷமும் கையை விரித்துக்கொண்டு, பாரத்தையெல்லாம் மணிக்கட்டில் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

"அது ஸ்டாண்டர்ட் சைஸ் மேடம்," என்றார் மஞ்சு.

"யாரோட ஸ்டாண்டர்ட்?"

அவர் சிரித்துவிட்டார். அண்ணிகூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

தோள் அளவுக்குக் குறுகலான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முன்பக்கம் அதிகம் நீளாதது, கீழ்வளைவு ஆழமில்லாதது, மேல்பகுதி உள்ளங்கை சாயத் தட்டையாக இருப்பது. கார்பன் வேண்டாம், அலுமினியமே போதும் என்றேன். எடை குறைப்பதா இப்போது என் கவலை?

அடுத்தது பிரேக். கேபிளை இரண்டாகப் பிரிக்கிற ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது. வலது லீவரிலிருந்து ஒரு கேபிள் அதற்குள் போகும், அங்கிருந்து முன் பிரேக்குக்கு ஒன்றும் பின் பிரேக்குக்கு ஒன்றுமாக இரண்டு வெளியே வரும். ஒரே கையால் அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும். பெடல் பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம் மட்டும் வைத்துக்கொண்டேன். அதனால் கியர் மாற்றவும் வலது கை போதும். இடது லீவருக்குள் கேபிளே இல்லை. "அப்போ அதைக் கழட்டிடலாமா?" என்று கேட்டார் மஞ்சு. வேண்டாம் என்றேன். கை சாய்ந்துகொள்ள அது வேண்டும்.

உன் சைக்கிளின் முன்பக்கம் எப்போதும் இடியாப்பத்தைக் கொட்டிவைத்த மாதிரி இருக்கும். கேபிள்கள் நாலாபக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். "ஓடுதில்ல?" என்பாய். எனக்கு அது கண்ணை உறுத்தும். என்னுடையது நறுவிசாக இருக்க வேண்டும் என்று மஞ்சுவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் கேபிள்களை ஹேண்டில்பாரின் வளைவோடு ஒட்டி, அதன்மேல் சுற்றுகிற டேப்புக்கு அடியில் மறைத்து, சட்டத்தோடு இறுக்கமாக இழுத்துக் கட்டித் தந்தார். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! நானே கைதட்டினேன்.

கடை வாசலில் ஏறி ஒரு வட்டம் அடிக்கத் திரும்பினேன். ஹேண்டில்பார் திரும்பியதுமே பின் சக்கரம் தானாகப் பிடித்துக்கொண்டது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. காலை ஊன்றியதால் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"வேணாம்னு சொல்லட்டுமா?" என்றார்.

"இருங்க அண்ணி. என்ன ஆச்சுன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க."

சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினேன். புரிந்துவிட்டது. திரும்பும்போது கேபிளுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அழகுக்காக அதைச் சிக்கனமாக வெட்டியிருந்தோம். நீளம் போதாமல் அது பிரேக்கையே இழுத்துவிட்டது. தப்பு மஞ்சுவுடையது மட்டுமல்ல, நறுவிசு என்று நச்சரித்த என்னுடையதும்தான்.

"ஹேண்டிலை நேரா வச்சு அளந்தோம் மஞ்சு. கடைசி வரைக்கும் திருப்பி வச்சுல்ல அளக்கணும்?"

"கரெக்ட் மேடம். யாராவது புடிச்சுக்கணும்."

அண்ணி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார், பிறகு மறுபக்கம். மஞ்சு புதுக் கேபிளை அளந்தார், நான் குறித்தேன். இந்த முறை முன்னால் ஒரு தாராளமான வளைவு விட்டோம். காலில் இடிக்காது, சட்டத்தில் உரசாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் இழுக்காது. பின் பிரேக் ஒரு மயிரிழை முந்திப் பிடிக்கிற மாதிரி மஞ்சு திருகிவைத்தார். அண்ணி தானே ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பி, பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"ரோட்ல பார்க்கணும்," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ வாங்கி வைத்த நேர் ஹேண்டில்பாரைச் சும்மா போட்டுவைக்கவில்லை, அண்ணா. அதற்கேற்ற லீவர்களோடு உன் சைக்கிளில் ஏறிவிட்டது. சீட்டை நன்றாக இறக்கி அண்ணி அபார்ட்மென்ட்டுக்குள் ஓட்டிப் பழகுகிறார். வளைவில் யாராவது வந்தால் பெல்லை விட்டுவிட்டு "ஏய் ஏய்" என்று கத்துகிறார்.

போன ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். நான் சைக்கிளில், அண்ணி ஸ்கூட்டரில் பின்னால். ஆனேக்கல் வழியாகத் தளி ரோடு. நான் விழுந்த இடம் வந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றெல்லாம் இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் வருகிற நீண்ட இறக்கம் உனக்குத் தெரியும். கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தேன். காற்று காதில் இரைந்தது. தைலமரத் தோப்பை ஒட்டித் திரும்புகிற இடத்தில், ரோடு முழுக்க ஆட்டு மந்தை!

நான் யோசிக்கவில்லை. வலது கை அழுத்தியது. பின் சக்கரம் முதலில் பிடித்தது, உடனே முன் சக்கரம். சைக்கிள் இம்மியும் விலகாமல் நேராக வேகம் குறைந்து, முதல் ஆட்டுக்கு இரண்டு சைக்கிள் நீளம் முன்னால் நின்றது. இடது கை அதன் இடத்தில் அமைதியாகச் சாய்ந்திருந்தது. ஆடு மேய்க்கிற அம்மாள், "மெள்ள வரக் கூடாதா?" என்று திட்டிவிட்டுப் போனார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்புவாயா?

அண்ணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், கடைசி ஆடு ரோட்டைத் தாண்டியதும் என் முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நின்னுடுச்சு," என்றார்.

"நின்னுடுச்சு அண்ணி."

"தளிக்கு இன்னும் எவ்ளோ தூரம்?"

"கொஞ்சம்தான். டீக்கடை இருக்கு."

"அப்போ நீ முன்னால போ."

போனேன், அண்ணா. நீ இருந்திருந்தால் திரும்பிப் போகலாம் என்றிருப்பாயோ? இல்லை, எதுவும் சொல்லாமல் டீக்குக் காசு கொடுத்திருப்பாயோ? தெரியவில்லை. உன் குரலைக் கேட்க ஆசையாக இருந்தது. அது மட்டும் நிஜம்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக்கை அழுத்திப் பார்ப்பேன். மழை ஈரத்தில் இறக்கத்தில் இறங்க மாட்டேன். எங்கே போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லாமல் போக மாட்டேன். ஆனால் ஓட்டுவதை நிறுத்த மாட்டேன். இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதே.

உன் பேச்சைக் கேட்காத,
உன் ஒரே தங்கை
ரேவதி