அழாத பிள்ளை

தடுப்பூசி அட்டையைத் தேடித்தான் இன்று காலை அந்தப் பச்சைக் கோப்பைத் திறந்தேன். பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அட்டைக்கு மேலே உன் கையெழுத்து. குழந்தையைத் தத்தெடுக்க நண்பர் ஒருவரின் நற்சான்று வேண்டும் என்றதும் நீ எழுதித் தந்த கடிதத்தின் நகல். "இவள் எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். பயந்துகொண்டே செய்தும் முடிப்பாள்" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளையைக் கொடுப்பார்களா என்று உன்னோடு சண்டை போட்டேன். கொடுத்தார்கள். அவளைக் கூட்டிவரக் கொழும்புக்கு டிக்கெட் போட்ட அதே வாரம், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

நீ பார்க்காத அவளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் நெத்மி. ஐந்து வயது. இவருடைய வேலைக்காக நாங்கள் கொழும்பில் இருந்த வருடங்களில் பதிவு செய்தோமே, அங்கே ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். வரும்போது சிங்களம் மட்டும்தான் தெரியும். பெங்களூரில் இந்த ஹெப்பகோடி வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது.

முதல் நாளிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை. விடிந்ததும் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிட்டு, யாராவது கூப்பிடும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். தட்டைத் தானே கழுவுவாள். எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டாள்; எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவே இல்லை. சிங்களப் பிள்ளையா என்று போனில் இழுத்த ஆம்பூர் நாத்தனார்கூட, நேரில் பார்த்ததும், "எவ்ளோ சமத்து, குடுத்து வெச்சவ நீ" என்றாள்.

இரண்டாவது வாரம் ரத்தப் பரிசோதனைக்கு, சிவாஜிநகரில் நாம் வேலை பார்த்த லேபுக்கே கூட்டிப்போனேன். பதினோரு வருடம் நீயும் நானும் ஊசி குத்திய இடம். ஊசியை எடுத்ததுமே அவள் சட்டைக் கையை மடித்து, கையை நீட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டாள். புதிதாக வந்திருக்கும் பெண் பாராட்டினாள். எனக்கு உன் குரல்தான் கேட்டது. இதே மாதிரி ஒரு பையன் வந்து போன அன்று சொன்னாயே: "சத்தம் போடற பசங்களப் பத்திக் கவல இல்லடி. தானா கைய நீட்டுது பாரு, அதுங்களப் பாத்தாதான் எனக்கு பயம்."

அந்தப் பையன் வந்த அன்று, வீடு திரும்பும் பஸ்சில்தான் உன் கதையையும் சொன்னாய். கோலார் தங்கவயலில் அம்மா இறந்த பிறகு, ஆறு வயதில் உன்னை அப்பா ஹாஸ்டலில் விட்டது. படியில் விழுந்து கை உடைந்து, இரண்டு நாள் நீ வாயே திறக்காதது. ஏன் என்று கேட்டேன். "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலடி" என்றாய். பிறகு ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினோம்.

போன மாதம் ஒருநாள் குழாயடியில் ரத்தத்தைப் பார்த்தேன். பீரோ கதவில் விரலை நசுக்கிக்கொண்டிருக்கிறாள். தானே கழுவி, கைக்குட்டையைச் சுற்றி, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். நகம் பாதி பெயர்ந்திருந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவள் மெல்லக் கேட்டாள்: "ஆப்பஹு யவனவாத?" என்னைத் திருப்பி அனுப்பப்போகிறீர்களா என்று அர்த்தம்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடிபடாத கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அது ஆறுதலாக இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை என்னைச் சமாளிக்கிறதே என்று இன்னும் பயந்துபோனேன். அன்றிலிருந்து, அனுப்ப மாட்டோம் என்று இரண்டு மொழியிலும் தினம் சொன்னோம். சரி என்று தலையாட்டுவாள். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தலையாட்டினாள்.

நேற்றுக் காலை தோசை. சூடாக இருக்கிறதே என்று நானே பிய்த்துத் தட்டில் போட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதைப் பிடித்துத் தள்ளினாள். "எனக்கு முழுசு வேணும்" என்றாள், தமிழில்.

வேறு ஊற்றித் தருகிறேன் என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டது. தரையில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டு, மூச்சு நின்றுவிடுமோ என்று நான் பதறும்படி அழுதாள். தோசைக்காகத் தொடங்கியது, போகப்போக எதற்கான அழுகை என்று தெரியவில்லை. தூக்கப்போனால் தள்ளினாள். நகர்ந்தால் என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா படியேறி வந்து, "ஏனாய்த்து?" என்று கேட்டார்.

"ஏனில்லா ஆன்ட்டி, அளுத்தாளே, அஷ்டே" என்றேன். ஒன்றுமில்லை, அழுகிறாள், அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டு தோசையை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, என் மடியிலேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

இன்று பழையபடி சமத்தாக இருக்கிறாள். நேற்று திறந்தது மறுபடி மூடிக்கொண்டதா, இனியும் அழுவாளா, ஒன்றும் தெரியவில்லை. நீ இருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பேன். நீயும் தெரியலடி என்றுதான் சொல்லியிருப்பாய். ஆனால் உன்னால் எனக்கு ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. வீடு அமைதியானால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். இதை எழுதத் தொடங்கியபோது உள்ளே பொம்மையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இப்போது பேச்சு நின்றிருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.