உயிரியலில் ஒரே இடம்

மே 18
ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. பேத்தி ஸ்டெல்லாவுக்குப் பதினொன்றில் எந்த குரூப் என்று கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன்.

உயிரியல் – அவள் கேட்பது. கம்பம் பள்ளி. டவுன் பஸ் உண்டு.
கணினி – அதே பள்ளி. அவளுக்கு ஆர்வம் இல்லை.
வணிகவியல் – எப்போதும் இடம் கிடைக்கும்.
என் கருத்து – (காலி)

அவளுக்கு வேளாண்மைப் பட்டம் படிக்க ஆசை. "மருந்தா அடிச்சுத் தள்ளுறாக தாத்தா. திராட்சக் கொடிக்கு என்ன நோவுன்னு ஒருத்தருக்கும் தெரியல. படிச்சிட்டு வந்து நான் சொல்றேன்." அதற்கு உயிரியல் வேண்டும்.

மகள் அமலி விடியுமுன்பே ஏலக்காய்த் தோட்டக் கூலி வேலைக்கு ஜீப் ஏறிவிட்டாள். போகும்போது, "அந்தோணி அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்கப்பா. தாய்மாமன். நாளைக்கு மூஞ்சியத் தூக்கிரக் கூடாது." நியாயம்தான். மருமகன் இறந்தபின் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் அவன்தான். காது குத்தியதிலிருந்து அவன் வார்த்தை இல்லாமல் எதுவும் செய்ததில்லை.

மே 20
புழுக்கம். மகன் அந்தோணி திராட்சை லோடோடு கேரளாவில். போன் எடுத்தான். "லோடு எறக்கிக்கிட்டிருக்கேன்ப்பா, அவசரமா?" இல்லை என்று, குரூப்பைக் கேட்காமலே வைத்துவிட்டேன். ஏன் இல்லை என்றேன்?

மே 22
கம்பம். பள்ளிக்கூட ஹாலில் நல்ல கூட்டம். மதிப்பெண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். பின்னால் ஒரு தாய் மகளிடம், "பயாலஜி தீரப் போகுதுடி, மாதாவ வேண்டிக்க." கணினி ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

ஸ்டெல்லா பெயர் வந்தது. தலைமையாசிரியை கேட்கும் முன்பே, "பயாலஜி, டீச்சர்."

"கெட்டிக்காரிதான். இந்த ஒரு சீட்டுத்தான் பாக்கி. அய்யா, கையெழுத்துப் போடுங்க."

பேனாவைத் திறந்தேன். மூடினேன். "தாய்மாமன் ஒரு வார்த்த சொல்லணும் டீச்சர். அஞ்சு நிமிஷம்."

"படிக்கப் போறது மாமனாய்யா?" ஹாலில் சிரிப்பு. ஸ்டெல்லா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "போடுங்க தாத்தா."

வெளியே போய் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால். குமுளி மலைப்பாதையில் இருந்திருப்பான், அங்கே சிக்னல் கிடையாது. தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அழைத்தேன்.

உள்ளே வந்தால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. "எம்புட்டு நேரம்யா பாக்குறது, இம்புட்டுப் பேரு நிக்கிறாக" என்றார் தலைமையாசிரியை.

வணிகவியல் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அதற்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம். எங்கள் ஊர் கே.கே.பட்டி வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

மே 23
அந்தோணி வந்தான். குளிக்கக்கூட இல்லை, விஷயத்தைக் கேட்டுவிட்டு நின்றபடியே, "நானா வேணாம்னு சொல்லப் போறேன்? பிள்ள கேக்குறதுல சேத்துவிட வேண்டியதுதான? இதுக்குப் போயி என்னத் தேடிக்கிட்டு இருந்திருக்கீக!"

அமலி, "கேக்கச் சொன்னது நாந்தாண்ணே" என்று அழுதாள்.

அந்தோணி அவளிடம், "ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் புத்தி போகல இவருக்கு."

உண்மை. தாலுகா அலுவலகத்தில் மேலே இருப்பவர் சொல்லாமல் ஒரு கோப்பையும் நகர்த்தியதில்லை. அதற்கு நல்ல பெயரும் வாங்கினேன்.

மே 26
அந்தோணி பைக்கில் உத்தமபாளையம் பள்ளிக்குப் போய் விசாரித்தான். அங்கும் உயிரியல் நிரம்பிவிட்டது. தனியார் பள்ளி நமக்குக் கட்டாது. கம்பத்தில் யாராவது விலகினால் காத்திருப்போருக்குத் தருவார்களாம். கூப்பிட்டபோது இடத்தை எடுக்காதவர்கள் அதில் கடைசி. அதாவது ஸ்டெல்லா.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 9
சாரல். பள்ளி திறந்தாயிற்று. உயிரியலில் யாரும் விலகவில்லை.

"கணக்குப்பதிவியல் எப்படி இருக்கு ஆத்தா?"

"ஈசியா இருக்கு தாத்தா."

முன்பு திராட்சைத் தோட்ட வேலியில் நின்று இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். இப்போது நேரே வருகிறாள். அதைச் சொன்னால், "இனிமே பாத்து என்ன செய்ய" என்றாள்.

ஜூன் 13
மழை. பெற்றோர் கூட்டம். அமலி வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் நான் போவதாக ஏற்பாடு. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தேன்.

ஸ்டெல்லா பையை மாட்டிக்கொண்டே, "நீங்க வர வேணாம் தாத்தா."

"ஏன் ஆத்தா?"

"அங்கன ஏதாச்சும் கேட்டா ஒடனே பதில் சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அமலி என்னைப் பார்க்காமல், மழையால் தாமதமாக வந்து வாசலில் நின்ற ஜீப்பைப் போகச் சொல்லிவிட்டு வேறு சேலை மாற்றினாள். இருவரும் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள்.

குடையை இருவரும் எடுக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கலாம், இங்கிருந்து பக்கம்தான். பின்னாலேயே வந்துவிட்டேன் என்று ஸ்டெல்லா நினைப்பாளோ. அமலியாவது நனையாமல் போவாள். அதற்குள் பஸ் கிளம்பும் சத்தம்.