திருப்பிக் கொடுக்க ஒரு புத்தகம்

அன்புள்ள அக்கா,

இன்று நூலகத்தின் செய்தித்தாள் மேசையில் ஒரு பெரியவர் கோடாலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். அந்த நெடி என் மேசைவரை வந்தது. சட்டென்று நிமிர்ந்து பெண்கள் பகுதியைப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து உங்கள் தம்பி கொடுத்தனுப்பும் அந்தக் குப்பி இல்லாமல் உங்களை நான் பார்த்ததே கிடையாது. தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவே இல்லை.

வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் சங்கத்தின் ஆளாகத்தான் முதலில் வந்தீர்கள். புதன்கிழமைதோறும் நூலகத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ள மேலிடத்தில் அனுமதியும் வாங்கியிருந்தீர்கள். எனக்கு எரிச்சல். இது நூலகமா, பஞ்சாயத்து பேசும் இடமா என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை.

"போலீஸ் ஸ்டேசனுக்குப் போனா ஊரே பாக்கும் மேடம். எங்க ஆபீசுக்கு வந்தாலும் பாக்கும். லைப்ரரிக்குப் போறவள எவன் என்ன கேக்கப் போறான்?"

என்னைவிட மூத்தவர் நீங்கள். கடைசிவரை அந்த 'மேடம்' என்கிற கிண்டலை மட்டும் விடவே இல்லை.

முதலில் வந்த பெண் உங்கள் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்ப எழுந்தபோது நீங்கள் என்னிடம் வந்து, "சன்னமான பொஸ்தகமா ஒண்ணு குடுங்க. படிக்க இல்ல, திருப்பிக் கொண்டாந்து குடுக்க" என்றீர்கள். சமையல் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். வாசல் தாண்டினாலே கேள்வி கேட்கும் அவள் மாமியார், கெடு முடிந்த அன்று, கவர்மெண்டு புத்தகம், போய்க் கொடுத்துவிட்டு வா என்று தானே அனுப்பிவைத்தாராம். அன்றுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள்.

அப்புறம் நம்மிடம் சமையல் புத்தகங்களும் கோலப் புத்தகங்களும் தங்கவே இல்லை. ஒரு வீட்டில் மாமியாருக்கு மீன் குழம்புப் பக்கம் பிடித்துப்போய், அதே புத்தகத்தை மறுபடியும் எடுத்துவரச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த மருமகள் இப்போது திருப்பூரில் பிள்ளையோடு நிம்மதியாக இருக்கிறாள்.

உங்கள் இடத்துக்குச் சங்கத்தில் இன்னும் ஆள் அமையவில்லை. வருகிற பெண்ணைப் பேச வைத்து எங்களுக்குப் போன் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பேச வைப்பதுதானே பெரும்பாடு.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். கறம்பக்குடி வெயிலில் முழுக்கை ரவிக்கை. "இங்க ஒரு அக்கா இருப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள். நீங்கள் இல்லை என்று சொன்னால் அப்படியே திரும்பிவிடுவாள் என்று பயந்து, வருவார்கள், இதை எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று ஒரு கோலப் புத்தகத்தை நீட்டினேன். பொய் சொல்லி அனுப்பிவிட்டேன் அக்கா. கெடு நாள் வந்தது, போனது. அவள் வரவில்லை. வீடு தேடிப் போய் விசாரித்தால் அவளுக்குத்தான் ஆபத்து. வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்கு வேலையே ஓடவில்லை.

இந்தப் புதன்கிழமை வந்துவிட்டாள். புத்தகத்தின் அட்டை இரண்டாகக் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. யார் கிழித்தது என்று நான் கேட்கவில்லை. அக்கா வரவில்லையா என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் ஒரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப ஒங்ககிட்ட சொல்லட்டுங்களா?" என்றாள்.

சொன்னாள். சங்கத்துக்குப் போன் போட்டேன். ஆக வேண்டியதை அவர்கள் செய்கிறார்கள்.

நூலகத்தில் கேட்டது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது நம் இருவருக்குள் இருந்த கட்டு. நீங்கள் கேட்டதை என்னிடம் இறக்கி வைப்பீர்கள், நான் கண்டதை உங்களிடம். அதோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்போம். அவள் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். பசியில்லை என்றேன்.

அவள் சொன்னதை இந்த மடலில்கூட எழுத முடியாது. அடுத்த புதன்கிழமை இன்னொருத்தி வரக்கூடும். அவளுக்கும் பக்கத்தில் நாற்காலி போடுவேன், முழுக்கக் கேட்பேன். கேட்டுவிட்டு நான் யாரிடம் போவேன், அக்கா?