பின்னாலிருந்து ஓடிய ரீல்

அண்ணா,

இன்று காலை பரணிலிருந்து இறக்கிய தகர டப்பாவைத் திறந்ததும் அறை முழுக்கப் புளித்த காடி வாடை. பழைய ஃபிலிம் கெட்டுப்போனால் இப்படித்தான் நாறும். வீட்டு வேலைக்கு வரும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். ரீல் சுருங்கி, ஓரமெல்லாம் நெளிந்து கிடக்கிறது. இனி எந்த மெஷினிலும் இது ஓடாது. உத்திரமேரூர் டூரிங் டாக்கீஸில் நீ இதை ஓட்டிய அந்தச் சாயங்காலம் மட்டும் எனக்கு இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

அப்போது நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிது. உடம்பில் ஓரிடத்தில் முளைக்கும் புற்றுநோய் இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. நோய் பிடித்த உயிரணு, அதாவது புற்றணு, பிய்த்துக்கொண்டு வந்து, ரத்தத்திலும் நிணநீரிலும் அடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் என்பார் எங்கள் தலைமை டாக்டர். எனக்கு அது பொறுக்கவில்லை. அது தானே ஊர்ந்து போகிறது என்று நான் நம்பினேன். குறுகலான சந்து வந்தால் அதன் உடம்பு கூழ் மாதிரி நெகிழ்ந்து புகுந்துவிடும். நடுவில் இருக்கும் உட்கருதான் கெட்டி. அது மாட்டிக்கொள்ளும், அங்கேதான் அணு திண்டாடும் என்று நினைத்தேன்.

நினைத்தால் போதுமா? காட்ட வேண்டுமே. எலியின் கட்டியிலிருந்து எடுத்த அணுக்களை ஒரு சொட்டு ஊட்ட நீரில் விட்டு, குறுக்கே மெல்லிய கண்ணாடி இழைகள் இரண்டை அணுவைவிடக் குறுகலான இடைவெளியில் வைத்தேன். நுண்ணோக்கியின் தலையில் ஒரு கேமரா. அணு கண்ணுக்குத் தெரியாதபடி அவ்வளவு மெதுவாக ஊரும். அதனால் விட்டு விட்டு ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்த்து ஓட்டினால்தான் ஓட்டம் தெரியும். மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தேன். டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் படத்தைப் போட்டுக் காட்டு, அதில் ஒன்றும் இல்லையென்றால் கேமரா வேறு பிரிவுக்குப் போகும், நீ பழையபடி திசுத் துண்டுகளுக்குச் சாயம் போடும் மேசைக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

கழுவிய ரீல் சனிக்கிழமை கைக்கு வந்தது. பார்த்தால், ஆய்வுக்கூடத்து மெஷினில் பல்பு போய்விட்டது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. செங்கல்பட்டில் பஸ் மாறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே உன் மெஷின் கொட்டகைக்கு வந்தேன். நீ பனியனோடு, மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியின் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

இருட்டினால்தான் திரையில் தெரியும், முதல் ஆட்டத்துக்கு ஜனம் உட்காரும்போது நியூஸ் ரீலுக்குப் பதிலாகப் போடுகிறேன் என்றாய். ஊரே பார்க்குமே என்று நான் பதறினேன். பார்க்கட்டும், தினம் ஒரே மந்திரி பாலம் திறப்பதைப் பார்த்து அவர்களுக்கும் அலுத்துவிட்டது என்றாய். ஒட்டு எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று ரீலை ஒரு முறை கையால் சுற்றியும் பார்த்தாய். படத்தின் கடைசி முனை வெளியே வந்துவிட்டது, திரும்பச் சுற்ற மறந்துவிட்டாய். அங்கேதான் வந்தது வினை.

நான் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன். திரையில் வெள்ளை வட்டம், குறுக்கே இரண்டு இழை, ஒரு அணு. அது அசைந்தது. ஆனால் என்ன கூத்து இது? அகலமாக விசிறி போல விரிந்த முன்பக்கம் பின்னால் இழுபட, கூரான வால் முன்னால் போகிறது. யாரோ வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி. ஒரு அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"இன்னாமே இது, பின்னாடியே நடந்துக்கினு கீது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து மெஷின் கொட்டகைக்கு ஓடி வந்து உன்மேல் எரிந்து விழுந்தேன். ரீலைத் திரும்பச் சுற்றாதது அப்போதுதான் உனக்கு உறைத்தது. உன்மேலும் குற்றம் சொல்ல முடியாது. மனிதர்கள் நடித்த படத்தை இப்படிப் பின்னாலிருந்து போட்டால் தலைகீழாகத் தொங்குவார்கள், அந்த நொடியே தெரிந்துவிடும். என் படத்தில் எது தலை, எது கால்? பேர் போடும் அட்டைகூட நான் வைக்கவில்லை.

"பேஜாராப் பூட்ச்சே பாப்பா. நிறுத்திட்டு நேராப் போடட்டா?"

சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள், மெஷின் கொட்டகையின் ஓட்டை வழியே திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அணுவைச் சுற்றித் தூசிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவை எப்போதும் போலத்தான் துள்ளின. அவற்றைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அணுவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். திருமுக்கூடலில் ஆற்று வெள்ளத்தோடு போகும் வாழைமட்டையைப் படம் பிடித்துப் பின்னாலிருந்து ஓட்டினால் என்ன ஆகும்? மட்டை எதிர்ப்பக்கம் மிதக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடித்துக்கொண்டு போகிற பொருளுக்கு முன் ஏது, பின் ஏது? நடக்கிற ஒன்றைத்தான் பின்னால் நடக்கவிட்டால் சிரிப்பு வரும். டாக்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலை நம் ஊர் ஜனம் சிரித்தே சொல்லிவிட்டது. நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நிறுத்தாதே, முழுக்க இப்படியே ஓட்டு என்று கத்தினேன். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

பிறகு நேராகப் போட்டாய். இப்போது ஒரு சிரிப்பும் இல்லை. அணு இழைகளின் சந்துக்கு வந்தது, விசிறியை அந்தப் பக்கம் நீட்டியது, உடம்பு நெகிழ்ந்து புகுந்தது. உட்கரு மாட்டிக்கொண்டது. நான் சொன்ன அதே இடம், அண்ணா! போகவும் இல்லை, திரும்பவும் இல்லை, திண்டாடியது. ஜனம் தள்ளு தள்ளு என்று அதற்குப் பரிந்துகொண்டு குரல் கொடுத்தது. உட்கரு மெல்ல மெல்ல நீண்டு, கத்தரிக்காய் போலாகி, வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்ததும் ஒரே விசில். இது என்ன பூச்சி என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள். புற்றுநோய் என்று நீதான் சொன்னாய். விசில் பட்டென்று நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"அந்தச் சந்தை இன்னும் கொஞ்சம் இறுக்கினா மாட்டிக்கினே கிடக்குமா, அம்மா?"

அதற்குப் பிறகு நான் செய்த வேலையெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை உன்னையே சென்னைக்கு இழுத்துப்போனேன். ஆய்வுக்கூடத்து மெஷினுக்குப் புதுப் பல்பு மாட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நீ விறைப்பாக நின்றாய். முதலில் பின்னாலிருந்து போடு, நான் சொன்ன பிறகு நேராகப் போடு என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லி வைத்திருந்தேன். நீ அப்படியே போட்டாய். அங்கே யாரும் சிரிக்கவில்லை. படித்தவர்கள் டாக்டர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள் போல. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இதைத் தலைகீழாகப் போட்டது யார் என்று அதட்டினார். நான் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தேடினேன். அதற்குள் மெஷின் பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது.

"தப்பு என்னுதுதான் சார். பாப்பா மேல ஒண்ணும் இல்ல."

நம் திட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாய். என் வேலை போய்விடக் கூடாது என்று, நான் சொல்லிச் செய்த காரியத்துக்குப் பழியை நீ வாங்கிக்கொண்டாய். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து, தப்பே இல்லை, வேண்டுமென்றுதான் போடச் சொன்னேன், அணுவையும் பாருங்கள், தூசியையும் பாருங்கள் என்றேன். டாக்டர் திரும்பத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் வயிறு குலுங்கியது. அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நேராகப் போடச் சொல்லி, உட்கரு மாட்டும் இடத்தை அலுக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்தார். கேமரா என் அறையிலேயே இருந்தது.

அன்று திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாய். அந்தப் பூச்சி உள்ளே புகுந்த பிறகு எங்கே போகும் என்று கேட்டாய். அது உன் ஈரலிலேயே வந்து உட்காரும் என்று அன்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. போன ஐப்பசியில் அது உன்னைக் கொண்டுபோயிற்று. அதன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ சபைகளில் எனக்குக் கை தட்டினார்கள். எனக்காக எழுந்து நின்று தப்பு என்னுது என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான். இப்போதும் என்னிடம் ஆய்வு செய்யும் பிள்ளைகள் ஒரு புதுப் படம் கொண்டுவந்தால் முதலில் பின்னாலிருந்து ஓட்டு என்பேன். என்ன மேடம் இது என்று சிரிப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சிரிப்புத்தான். விளக்கை அணைத்ததும் நான் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்ப்பேன். மெஷினெல்லாம் இப்போது எங்கே, மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். ஆனாலும் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணா.