ஏழு சென்டிமீட்டர்

ஜூலை 8, திங்கள்

வியாழக்கிழமை மதியம் எனக்கிருந்த இரண்டு கணக்கு வகுப்புகள் போய்விட்டன. இனி அந்த நேரத்தில் ஏழாம் வகுப்புக்குச் செயல்திட்டம். அறிவியல், கணக்கு, மொழி, மரவேலை எல்லாவற்றையும் கலந்து, பிள்ளைகள் தங்கள் கையாலேயே உபயோகமான ஒரு பொருளைச் செய்து முடிக்க வேண்டுமாம். இதைக் கொண்டுவந்தவர் அறிவியல் ஆசிரியர். அவர் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் சேர்ந்து பத்தொன்பது.

விகிதப் பாடம் பாதியில் நிற்கிறது. அதை எந்த வியாழக்கிழமை முடிப்பது?

தலைமை ஆசிரியைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். படித்தார், மடித்தார். "ஒரு வேலை முடியட்டும் டீச்சர். உருப்படியா ஏதாவது வந்தா தொடரட்டும். இல்லேன்னா உங்க பீரியடு உங்களுக்கே" என்றார். போதும்.

ஜூலை 11, வியாழன்

என்ன செய்வது என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். என் கணக்கு அறைக்கு ஒரு சாய்தளம்.

அறைக்கு மூன்று படிகள் உண்டு. வகுப்பில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் வருகிறாள். மனக்கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. தினமும் மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பாகவே அலுவலக உதவியாளர் அவளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துவிட்டு, நாற்காலியைத் தனியாகக் கொண்டுவந்து வைப்பார். அப்புறம் அவருக்கு வேறு வேலை. எனவே நான் வரும்போதெல்லாம் அவள் இருப்பாள். போன வருடம் வகுப்பில் சொன்னேன்: "இவளப் பாத்துக் கத்துக்குங்க. ஒரு நாள் லேட்டா வந்திருக்காளா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை இன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஜூலை 18, வியாழன்

மேல்படியின் உயரம் பார்க்க என்னிடம் அளவு நாடா கேட்டு வந்தான் முந்திரிக்கொட்டை. எதற்கும் முதலில் ஓடிவருகிறவன், அதனால் அந்தப் பெயர். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாடாவில் முதல் ஏழு சென்டிமீட்டர் கிடையாது. நாலைந்து வருடம் முன்பு பீரோ கதவில் மாட்டி நறுக்கென்று ஒடிந்தது. வாசிக்கிற எண்ணில் ஏழைக் கழித்துக்கொள்வேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது. கொடுக்கும்போது சொல்ல மறந்துவிட்டேன். உண்மையிலேயே மறந்துதான் போனேன்.

நான்கு மணிக்குப் பலகையில் பார்த்தேன். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து: உயரம் 43. ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு. நீளம் 516.

எல்லோரும் போன பிறகு அடிக்குச்சியை எடுத்துக்கொண்டு படியில் குனிந்தேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. முப்பத்தாறு.

நாளை சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 19, வெள்ளி

சொல்லவில்லை. தவறைத் தாங்களே கண்டுபிடித்துக் கற்பதுதானே இந்த முறையின் பெருமை?

ஜூலை 25, வியாழன்

மரவேலைக் கூடத்தில் ரம்பச் சத்தம். காலி வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே வாத்தியாரின் இரும்பு நாடா இருக்கிறது, முழுசாக. என் நாடாவிலேயே வெட்டியிருந்தால் பிழையோடு பிழை அடிபட்டுச் சரியாக வந்திருக்கும். குறை நாடாவில் அளந்து முழு நாடாவில் வெட்டுகிறார்கள்.

இங்கிருந்து கூடத்துக்கு நாற்பது அடி தூரம் இருக்குமா?

முந்திரிக்கொட்டை தலையெல்லாம் மரத்தூளோடு வந்து எட்டிப் பார்த்தான். "டீச்சர், சாய்தளத்துக்கு நாலு ஜோடி கால் ரெடி! வந்து பாருங்களேன்." நல்லது என்றேன். போகவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வைத்துப் பார்த்தார்கள். பலகையின் மேல் நுனி படியைவிட ஏழு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றது. மூன்று படி இருந்த இடத்தில் நான்காவதாக ஒன்று.

தலைமை ஆசிரியை வந்திருந்தார். ஆறாம் வகுப்பும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அறிவியல் ஆசிரியர் குனிந்து குனிந்து பார்த்தார், அவருக்குப் பிடிபடவில்லை. முந்திரிக்கொட்டைதான் வாயைத் திறந்தான்: "நாங்க அளந்ததெல்லாம் கரெக்ட். கணக்குப் போட்டது இவதான்."

அவள் நோட்டை வாங்கி மடியில் வைத்து அந்தப் பெருக்கலை மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் 516. நிமிர்ந்து, "நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றாள். பிறகு உதவியாளரிடம், "அண்ணா, தூக்கிடுங்க."

இதுவரை அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. வகுப்பு முடிந்ததும் அவர் வந்து தூக்குவார், அவள் வேறு பக்கம் பார்ப்பாள், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியை என் பக்கம் சாய்ந்து, "நீங்க எழுதினது சரிதான் போல டீச்சர்" என்றார்.

சரியா? என்னத்தச் சரி? அந்தப் பொண்ணு செய்யாத தப்ப ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கு, நான் பக்கத்துல மரம் மாதிரி நிக்கிறேன். ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "பீரியடுதான் திரும்பக் கிடைக்கப்போகுதே. அப்புறம் ஏன் சோத்த அளைஞ்சுகிட்டே இருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து தட்டைக் கழுவினார். கழுவிக்கொண்டே, "டேப் உன்னோடதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

அளந்தது அவள் இல்லை. தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

முதல் வகுப்பிலேயே நாடாவை மேசைமேல் வைத்தேன். முந்திரிக்கொட்டையைக் கூப்பிட்டு, நுனியில் என்ன எண் இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன்.

"ஏழு டீச்சர்." அடுத்த நொடியே, "ஐயோ! இது ஏழுலேர்ந்துல்ல ஆரம்பிக்குது!"

"ஆமா. ஒடிஞ்ச டேப். உங்ககிட்ட சொல்லாம குடுத்தது நான்."

வகுப்பு கலகலத்தது. மூக்கறுந்த டேப் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம், டீச்சர் மறந்துட்டாங்க என்று போயிருக்கும். கணக்குப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும் டீச்சர்?"

"அளந்த அன்னைக்கே."

சிரிப்பு நின்றது. கடைசி பெஞ்சில் ஒரு குரல் மெதுவாக, "ரெண்டு வாரமாவா?" என்றது.

ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். வியாழக்கிழமை வகுப்புகள் எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது, நீங்கள் தோற்றால் கிடைத்துவிடும் என்று நினைத்தேன், என்று.

கணக்குப்பிள்ளை முந்திரிக்கொட்டையின் பக்கம் திரும்பி, "அப்போ என் கணக்கு சரி" என்றாள். அவன் காதைச் சொறிந்துகொண்டே, "சரிதான் தாயே, மன்னிச்சுக்க" என்றான். அதன் பிறகு மணி அடிக்கும் வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மதியம் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். "கோப்புல போட்டாச்சு, எடுக்க முடியாது. இன்னொண்ணு எழுதிக் குடுங்க, அதையும் மேல சேத்து வைக்கிறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலு வரி.

அறிவியல் ஆசிரியரிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. கையிலிருந்த நோட்டுகளை அடுக்கி வைத்தார். பிறகு, "வியாழக்கிழமை நீங்களும் வாங்கக்கா, ஆள் பத்தாது" என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

போனேன்.

நான்கு ஜோடிக் கால்களிலும் ஏழு ஏழாகக் குறைத்துவிடலாம் என்றான் முந்திரிக்கொட்டை, ரம்பத்தை ஓங்கிக்கொண்டு. "டேய் இரு! அப்படி வெட்டினா கீழ்க் கால் தரைக்கு எட்டாது" என்று கணக்குப்பிள்ளை தடுத்தாள். உயரத்துக்குத் தக்கபடி குறைய வேண்டும். சம இடைவெளியில் நான்கு ஜோடி. சுண்ணாம்புக் கட்டியை வாங்கி ஒவ்வொரு காலிலும் அவளே எழுதினாள்: ஏழு, அஞ்சேகால், மூணரை, ஒண்ணேமுக்கால்.

"எப்படிடி?" என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல, இரண்டு மாதமாக என் பலகையில் புரியாத விகிதம் ரம்பமும் கையுமாக நின்ற பிள்ளைகளுக்குப் புரிந்தது. நான் ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் வேலை.

நீளத்தைக் குறைக்கவில்லை. 516-க்கு 36 என்றால் சரிவு ஒன்றுக்குப் பதினான்குக்கும் மேல். திட்டமிட்டதைவிட மிதமான ஏற்றம். தள்ளுவது சுலபம் என்றாள். அதையும் அறிவியல் ஆசிரியரிடம்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாடாவின் நுனியில் யாரோ ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்: 7 கழிக்கவும்.

ஆகஸ்ட் 21, புதன்

மணி அடித்து ஏழு நிமிடம் ஆகியும் ஒரு இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவை முடித்துவிட்டுப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே சாய்தளப் பலகையின்மேல் சக்கரம் உருளும் சத்தம். நடுவில் நின்றது. மறுபடி உருண்டது. அவள் மட்டும்தான், கூட யாருமில்லை.

"உள்ள வரலாமா டீச்சர்?" வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன ஆச்சு? எங்க சுத்திட்டு வர்ற?"

"சும்மா... தண்ணி குடிக்கப் போனேன்." என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். பச்சைப் பொய். நிறைந்த தண்ணீர் பாட்டில் நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் இப்படி வந்தா வெளிய நிக்க வேண்டியதுதான், சொல்லிட்டேன்" என்று அதட்டினேன். பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே, முதல் முறையாக, தாமதம் என்று சிவப்பு மையில் எழுதினேன்.

இடத்துக்குப் போகிற வழியில் நாற்காலியை என் மேசையோரம் நிறுத்தி, எழுதியது சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.