ஆசகேலின் இரண்டாவது சத்தியம்

1783 நவம்பர் 11, செவ்வாய்
மாட்டுக்கொழுப்பில் மெழுகுவத்தி வார்த்தேன். இரண்டு டஜனுக்கு நான்கு குறைவு.

மத்தியானம் என் தம்பி ஏனோஸ் இரண்டு ஆட்களோடு வந்து சிவப்புப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனான். நான் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை!

ஊர் ஒன்று, அரசு இரண்டு. நாங்கள் நியூயார்க் அரசுக்கு உட்பட்டவர்கள். என் கணவர் ஆசகேல் வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். ஏனோஸோ, 'வெர்மான்ட்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட கூட்டத்துக்குக் கான்ஸ்டபிள்.

"மச்சான் எங்க படைக்கு வரமாட்டேன்னுட்டாரு. அதுக்குத் தண்டம் பசு. நான் என்னக்கா பண்ண?"

"வெர்மான்ட்டாம் வெர்மான்ட்! அப்படி ஒரு தேசத்த கர்த்தர் படைக்கவே இல்லடா."

சிரித்தான். பசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

நவம்பர் 17, திங்கள்
நேற்று சபையில் ஏனோஸ் எங்களுக்கு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தான். பிரசங்கம் முடியும்வரை அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேத வசனம் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஜெபத்தில் குடும்பத்தார் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது அவன் பெயரைத் தாண்டிப் போனேன். தெரிந்தேதான்.

டிசம்பர் 9
நியூயார்க்கிலிருந்து படை வரும், உதவி வரும் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறார்கள். ஒரு கழுதைகூட வரவில்லை.

அடுப்போரம் உட்கார்ந்து ஆசகேல் கேட்டார்: "வருவாங்களா, எமீமா?"

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பணிந்துபோக வழி தேடுகிற குரல்.

"வந்தா என்ன, வராட்டி என்ன? நீங்க சத்தியம் பண்ணது கர்த்தர் முன்னாடி. எனக்குத் தெரியாம அந்தப் பக்கம் போய்க் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணீங்கன்னா, இந்த வீட்ல உங்களுக்குத் தட்டு வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார்.

1784 ஜனவரி 20
வந்துவிட்டார்கள். வெர்மான்ட் படை. முழங்கால் பனியில் நூற்றுக்கணக்கான பேர். ஆசகேல் பின்கட்டு வழியாக ஓடிக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். மாசசூசெட்ஸ் எல்லை தெற்கே ஒரு காலை நடைதான். அங்கே இவர்கள் சட்டம் செல்லாது.

பதினோரு பேர் உள்ளே நுழைந்தார்கள். தாடிக்காரன் ஒருவன், "வீட்டுக்காரரு எங்கம்மா? நியூயார்க்குல விருந்தா?" என்றான்.

"பூட்ஸத் தட்டிட்டு உள்ள வா, நாயே" என்றேன். தட்டினான்! மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தின்று தீர்த்துவிட்டுப் போனதன் கணக்கு: உப்புக்கண்டப் பன்றி அரைப் பீப்பாய், சோளமாவு ஒரு மூட்டை, ஆப்பிள் சாராயம் முழுவதும். கர்த்தர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். நானும் குறித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 3
ஏனோஸ் வந்தான். உள்ளே விடவில்லை. பனியில் நின்றபடியே பேசினான்.

"ஊர்க்கூட்டத்துக்கு முன்னாடி மச்சான் வந்து வெர்மான்ட்டுக்குச் சத்தியம் பண்ணிட்டா நெலம் உங்களோடது. இல்லேன்னா ஏலம். வீடும் சேத்துதான். நான் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்க்கா. புடிவாதம் புடிச்சா தெருவுல நிப்ப."

"நிக்கிறேன். உன் வாசல்ல வந்து நிக்க மாட்டேன்."

கதவைச் சாத்தினேன். இருபது வருஷம் கல் பொறுக்கி, மரம் வெட்டித் திருத்திய நிலம். குழந்தைகள் இரண்டையும் அந்த ஓடைக் கரையில்தான் புதைத்திருக்கிறோம். அதையுமா ஏலம் போடுவான்? அவன் தூக்கிக் கொஞ்சிய பிள்ளைகள்!

சத்தியத்தை விடவும் முடியாது, அந்தக் கரையை விடவும் முடியாது. கர்த்தாவே, எதைச் சொல்கிறீர்?

பிப்ரவரி 16
பதில் இல்லை.

மார்ச் 2
காலையில் மில்காரர் மனைவி திர்சாள் மூச்சிரைக்க வந்தாள். "எமீமாக்கா, ஒன் வீட்டுக்காரரு நீதிபதி வீட்டுல வரிசையில நின்னாரு. கைய ஒசத்துனதை என் கண்ணால பாத்தேன்." சொல்வதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் அவரே வந்தார். இளைத்துக் கருத்திருந்தார்.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்தீங்களா?"

"எங்களக் காப்பாத்துறேன்னு சொன்ன அரசாங்கத்துக்குத்தான் அன்னைக்குச் சத்தியம் பண்ணேன். காப்பாத்துச்சா? மொதல்ல வாக்குத் தவறினது அதா, நானா?"

"அதைக் கர்த்தர்கிட்ட சொல்லுங்க."

"வழி நெடுக அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்."

தட்டு வைக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே கரண்டியால் கஞ்சியைக் குடித்தார். நான் ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

மார்ச் 9
ஊர்க்கூட்டம். பெண்கள் போவதில்லை, திர்சாள் புருஷன் வந்து சொன்னதை அவள் வந்து சொன்னாள்.

வருஷா வருஷம் பன்றிக்காவலன் என்று ஒரு பதவி. மண்ணைக் கிளறாதபடி மூக்கில் வளையம் போடாமல் பன்றிகளை அவிழ்த்துவிட்டால், பிடித்து வளையம் போட்டு அடைத்துவைத்து, சொந்தக்காரனிடம் தண்டம் வாங்குகிற வேலை. புது மாப்பிள்ளை யாரையாவது கேலிக்காக நிறுத்துவார்கள். இந்த வருஷம் ஆசகேலை நிறுத்தினார்கள். நியூயார்க் அரசில் படைத்தலைவராக இருந்த மனிதர்! முன்மொழிந்தது யார்? என் தம்பி.

"மச்சானுக்கு நியூயார்க் குதிரைய விட நம்மூர்ப் பன்னி நல்லா ஒத்துவரும்" என்றானாம். கூரை பிய்ந்துபோகிற மாதிரிச் சிரிப்பாம்.

ஆசகேல் எழுந்து, "சரி, செய்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாராம்.

என் புருஷனை நான் பட்டினி போடுவேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஊரே சிரிக்க அவன் யார்?

ராத்திரி தட்டு வைத்தேன்.

ஏப்ரல் 12
மேப்பிள் மரப் பாகு இந்த வருஷம் குறைவு. ஆசகேல் கம்பியை வளைத்து வளைத்து மூக்கு வளையம் செய்கிறார். ஒரு கூடை நிறைய. கேலிப் பதவிக்கு இத்தனை சிரத்தை எதற்கென்று புரியவில்லை. கேட்கவும் இல்லை.

மே 23, ஞாயிறு, சூரியன் மறைந்த பின்
எங்களுக்கு ஓய்வுநாள் சனி பொழுது சாய்ந்ததும் பிறந்து, ஞாயிறு பொழுது சாய்ந்தால் முடியும். அதற்குள் வேலை கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, எழுதவும் கூடாது. அதனால் நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

துணிக்கு நார் எடுக்க விதைத்த ஆளிப் பயிரில் ஆறு பன்றிகள். வளையம் இல்லை. பாதி வயலைக் கிளறிப் போட்டுவிட்டன. ஏனோஸின் பன்றிகள். ஆசகேல் ஒவ்வொன்றாக மடக்கி, வளையம் போட்டு, எங்கள் பட்டியில் அடைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

பொழுது இறங்கும் நேரத்தில் ஏனோஸ் ஓடிவந்தான்.

"அக்கா, பட்டியத் தொறந்து வுடு. இருட்டறதுக்குள்ள ஓட்டிட்டுப் போயிடறேன். தண்டத்த அப்பறம் பேசிக்கலாம்."

"தொறக்க நான் யாருடா? வெர்மான்ட் அரசாங்கம் வெச்ச அதிகாரி உள்ள சாப்பிட்டுட்டு இருக்காரு. முடிச்சிட்டு வருவாரு. நில்லு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. மெதுவாக. மிக மெதுவாக. அப்புறம் எழுந்து இன்னொரு அகப்பை ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

ஏனோஸ் மேற்கு மலையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான்.

கடைசி வெளிச்சமும் போன பிறகு ஆசகேல் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அடடா, ஓய்வுநாள் பொறந்துடுச்சே மாப்ளே. நாளைக்குப் பொழுது சாஞ்சதும் வா. ராத்திரி, பகல் தீனிக்கும் சட்டத்துல கணக்கு இருக்கு."

இன்று மறுபடி வந்தான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனான். அக்கா என்று கூப்பிடவில்லை.

கர்த்தர் படைக்காத அந்தத் தேசத்தை அரசாங்கம் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். ஜெபத்தில் மன்னிப்புக் கேட்க முழங்காலிட்டேன். கேட்காமல் எழுந்துவிட்டேன்.